ஏழு மாத்திரையும் ஒரு குதிநாணும்

பின்னால் நின்றவன் உதைத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். முதல் ஷிப்ட் பஸ்ஸில் ஏற, இடது காலைப் படியில் ஊன்றி எழும்பினேன். குதிகாலுக்கு மேலே 'டப்' என்று ஒரு சத்தம், கூடவே ஓர் அடி. "எவன்டா அது?" என்று கத்திக்கொண்டே திரும்பினேன். பின்னால் ஒருவருமில்லை. பஸ்ஸின் கம்பியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. பழுப்பு நிலக்கரியின் மேல் கிடக்கும் மண்ணை வெட்டி எடுக்கும் பெரிய இயந்திரத்தில் ஆபரேட்டர். 'மெஷின்' என்று சொன்னால் எங்கள் டவுன்ஷிப்பில் குழந்தைக்கும் தெரியும். பல மாடி உயரம். இரும்பு ஏணியில் ஏறித்தான் கேபினுக்குப் போகவேண்டும். இருபத்தெட்டு வருடம் தினமும் ஏறி இறங்கிய கால் இது. அதை அறுத்தது ஏழு மாத்திரை. அந்த ஏழையும் என் கையில் கொடுத்தவன் என் மனைவியின் கூடப் பிறந்த தம்பி.

மெடிக்கல் ஷாப்பில் போய் "சளிக்கு ஏதாவது நல்லதா குடுங்க" என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன். பொறுமையாக எழுதப் பார்த்தேன், வரவில்லை.

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரியில் எலும்பு மருத்துவர் ஒரு பெண்மணி. என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லிக் கெண்டைக்காலை அழுத்தினார். வலது காலில் அழுத்தியபோது பாதம் அசைந்தது. இடது காலில் அழுத்தியபோது பாதம் சும்மா தொங்கியது. இன்னொரு முறை அழுத்தினார். அப்போதும் அசையவில்லை.

"குதிநாண் அறுந்திருக்கு" என்றார். (குதிநாண்: கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் தடித்த நார். அதுதான் நம்மை எம்பி நிற்க வைக்கிறது.) "விளையாடினீங்களா? எங்கேயாவது விழுந்தீங்களா?"

"பஸ்ல ஏறினேங்க. அவ்வளவுதான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சமீபத்துல மாத்திரை ஏதாவது?"

"சளிக்கு ஒரு மாத்திரைங்க. நேத்தோட முடிஞ்சுது."

என் மனைவி மலர்க்கொடி வீட்டுக்குப் போய் மாத்திரை அட்டையை எடுத்து வந்தாள். மருத்துவர் அதைத் திருப்பிப் படித்தார். லெவோஃப்ளாக்சசின். (ஒரு வகை ஆன்டிபயாடிக். பாக்டீரியா என்னும் கிருமியைக் கொல்லும் மருந்து.) "இதை எழுதிக் கொடுத்தது யாரு?" என்று கேட்டார்.

"என் மச்சினன். முத்தாண்டிக்குப்பம் பக்கம் மெடிக்கல் ஷாப் வச்சிருக்கான்."

"டாக்டர் யாருன்னு கேட்டேன்."

அவர் அட்டையை மேசைமேல் வைத்தார். "இதோட வேற மாத்திரை சாப்பிட்டீங்களா? இளைப்புக்கு, மூட்டுவலிக்கு?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். மலர் என்னைப் பார்த்தாள். "டின்னுல இருக்கறத சாப்டுகினுதான இருந்தீங்க" என்றாள் மெதுவாக.

எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னைப் பற்றிச் சொல்லவேண்டும். குவார்ட்டர்ஸில் நுழைந்து பாருங்கள், பாதி வீட்டில் இப்படி ஒரு டின் இருக்கும். கம்பெனி ஆஸ்பத்திரியில் மெடிக்கல் புக்கைக் காட்டி இலவசமாக வாங்கிய மாத்திரையில் மிச்சமானது அதற்குள் போகும். போன மழைக்காலத்தில் எனக்கு இளைப்பு வந்தபோது பிரெட்னிசலோன் கொடுத்தார்கள். (ஸ்டீராய்டு வகை. இளைப்பையும் வீக்கத்தையும் அடக்கும்.) எப்படிக் குறைத்துக் குறைத்து நிறுத்தவேண்டும் என்று அட்டையிலேயே எழுதித் தந்திருந்தார்கள். நான் நாலு நாளில் நன்றாகிவிட்டது என்று மீதியை டின்னில் போட்டுவிட்டேன். இந்த முறை இருமல் வந்ததும் அதை எடுத்துக் காலை ஒன்று, மாலை ஒன்று என்று நானே போட்டுக்கொண்டிருந்தேன்.

"அது கம்பெனி மாத்திரைங்க" என்றேன் மருத்துவரிடம்.

அவர் சிரிக்கவில்லை. "கம்பெனி மாத்திரைன்னா வயித்துக்குள்ள போகாதா சார்?" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. இங்கே வீடு கம்பெனி வீடு, தண்ணீர் கம்பெனி தண்ணீர், கரண்ட் கம்பெனி கரண்ட். கடையில் வாங்கினால்தான் அது பொருள் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. மாத்திரை என்று யாராவது கேட்டால் கடை மாத்திரைதான் எனக்கு நினைவுக்கு வரும். இந்த முட்டாள்தனத்துக்குத்தான் நான் காலைக் கொடுத்தேன்.

மருத்துவர் விளக்கினார். லெவோஃப்ளாக்சசின் நல்ல மருந்துதான், சில தொற்றுகளுக்கு உயிர் காக்கும் மருந்து. ஆனால் அது சேர்ந்த மருந்துக் குடும்பத்துக்கே நாண்களைப் பலவீனமாக்கும் குணம் உண்டு. எல்லோருக்கும் வராது. வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். சிலருக்கு மருந்து நிறுத்திச் சில மாதம் கழித்தும் வரும். முதலில் குதிகால் பக்கம் வலிக்கும், வீங்கும். வலித்த அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு எழுதிக் கொடுத்த டாக்டரிடம் ஓடவேண்டும். கை கால் மதமதப்பு, தூக்கமின்மை, மனக்குழப்பம், நெஞ்சுப் படபடப்பு, சர்க்கரை ஏறி இறங்குதல் எல்லாமே எச்சரிக்கைகள்தான். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியாக, "உங்களுக்கு வந்தது வைரஸ் சளி மாதிரிதான் தெரியுது. அதுக்கு இந்த மருந்து வேலையே செய்யாது" என்றார்.

வேலையே செய்யாத மருந்துக்குக் கால் போயிற்று!

அந்த ஞாயிற்றுக்கிழமையை இப்போதே எழுதிவிடுகிறேன். சொல்லவேண்டிய இடத்தில் ஒருமுறை சொல்லாமல் விட்டவன் நான். மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். எனக்குக் காய்ச்சலும் இருமலும். திரும்பும் வழியில் குணாவின் கடையில் நின்றோம். என் மச்சினன் குணசேகரை அந்தப் பக்கத்து ஜனங்கள் 'டாக்டர்' என்றே கூப்பிடுவார்கள். கடை லைசென்ஸில் இருக்கும் மருந்தாளுநரை நான் ஒருநாளும் அந்தக் கடையில் பார்த்ததில்லை.

"இன்னா மாமா, இப்டி இருமறீங்க? லீவு போட்டுகினு படுங்க."

"லீவெல்லாம் முடியாது. சட்டுனு நிக்கிற மாதிரி குடு."

"வேற எதுனா மாத்தர சாப்டுகினு இருக்கீங்களா மாமா?"

"இல்ல."

வெட்டிய ஏழு மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்தான். தினம் ஒன்று. மலர் என் பக்கத்திலேயே நின்றாள், எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆக, குணா கேட்டான். நான் இல்லை என்றேன்.

இரண்டாம் நாளே தூக்கம் கெட்டது. ஷிப்ட் மாறியதால் என்று நினைத்தேன். எங்களுக்கு எது வந்தாலும் ஷிப்ட்தான் காரணம். நாலாம் நாள் குதிகாலுக்கு மேலே குத்தியது, செருப்பு வார் பட்டாலே வலித்தது. குணாவுக்குப் போன் போட்டேன். "அது நடந்தா சரியாப் பூடும் மாமா. ஆன்டிபயாடிக்க பாதியில நிறுத்தக்கூடாது. கோர்ஸ முடிச்சிடுங்க" என்றான். எவ்வளவு நிச்சயமாகச் சொன்னான் தெரியுமா! அன்றைக்கு நிறுத்தியிருந்தால் ஒருவேளை நாண் தப்பியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டுதான் நான் கறுவ ஆரம்பித்தேன்.

அறுவை செய்து நாணைத் தைத்தார்கள். பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி வைத்து மாவுக்கட்டு. அப்புறம் குதிகாலுக்கு அடியில் அட்டை அட்டையாக வைத்த பூட்ஸ். வாரத்துக்கு ஓர் அட்டையாக எடுத்துக்கொண்டே வருவார்கள், பாதம் மெல்லக் கீழே இறங்கும். குளிக்க மலர் வேண்டும், கக்கூஸுக்கு மலர் வேண்டும். காலை ஐந்தரைக்கு ஷிப்ட் பஸ்ஸின் ஹாரன் கேட்கும். கட்டிலில் கிடந்தபடி பல்லைக் கடித்துக்கொள்வேன்.

"மறுபடி மெஷின்ல ஏறலாமா டாக்டர்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். "ஆறு மாசம் போகட்டும். ஒத்தைக் காலில் குதிகாலைத் தூக்கி நில்லுங்க, அப்புறம் பேசலாம்" என்பார். முடியாவிட்டால் லைட் டியூட்டி. ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கவேண்டும். ஓய்வு பெறும்வரை அப்படி உட்கார என்னால் ஆகாது.

குணா ஒரு பலாப்பழத்தோடு வந்தான். கட்டிலருகில் உட்கார்ந்து என் மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தான். "எத்தினி பேருக்குக் குடுத்துகினு இருக்கன் மாமா, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. ஒங்க நேரம்" என்றான். மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவன் என் நேரத்தைச் சொன்னான். உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன் என்று அப்போதே முடிவு செய்தேன். பலாப்பழத்தைத் தொடவில்லை. மலர் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாள்.

மருந்து ஆய்வாளருக்குப் புகார் எழுதினேன். மருந்தாளுநர் இல்லாத கடை, சீட்டு இல்லாமல் விற்ற மருந்து, வலி என்று சொன்ன பிறகும் தொடரச் சொன்னது. எல்லாம் உண்மை. எழுத எழுத ருசியாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

"அவன் எங்கூடப் பொறந்தவங்க" என்றாள் மலர்.

"இது என்கூடப் பொறந்த காலு."

"கடைய மூடிட்டா அவன் புள்ளைங்க இன்னா பண்ணும்?"

"மெஷின்ல ஏற முடியலன்னா நான் என்ன பண்ணுவேன்? அத அவன் யோசிச்சானா?"



மூன்றாம் மாதம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அலுவலகம் மாடியில். பூட்ஸ் காலோடு மலரின் தோளைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினேன். ஆய்வாளர் இளைஞர், மரியாதையாகப் பேசினார். நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டே வந்தவர், நடுவில் தலை நிமிராமல் கேட்டார்: "மருந்து கொடுக்கும்போது வேற மாத்திரை எடுக்கிறீங்களான்னு அவர் கேட்டாரா?"

உண்மையைச் சொல்லியிருந்தாலும் குணா தப்பியிருக்க முடியாது. புகாரில் இருந்ததே அவனுக்குப் போதும். ஆனால் எனக்குப் போதவில்லை. என் பங்கு என்று அதில் ஒரு துளிகூட இருக்கக்கூடாது என்று நினைத்தேன்.

"கேக்கல" என்றேன். வாய் கூசவே இல்லை.

அவர் மலரின் பக்கம் திரும்பினார். "நீங்களும் கூட இருந்தீங்களாம்மா?"

மலர் என் பூட்ஸைப் பார்த்தாள். "நான் வெளியில நின்னுகினு இருந்தேங்க. காதுல விழல" என்றாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினோம். என்னை ஏற்றிவிட்டதைப் போலவே கவனமாக இறக்கிவிட்டாள். கீழே பெஞ்சில் குணா உட்கார்ந்திருந்தான், அவனுக்கும் அன்றைக்குத்தான் விசாரணை. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆட்டோவில் மலர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் சாப்பாடு, மருந்து, துணி தவிர வேறு எதையும் அவள் என்னிடம் பேசவில்லை.

கடையின் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். ஆட்டோ பிடித்துப் போய்ப் பூட்டிய ஷட்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். இறங்கக்கூட இல்லை. டிரைவரிடம் மெதுவாக ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் நான் அயோக்கியன்.

அந்தச் சந்தோஷத்தில் காலும் தேறியது. சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கும் பயிற்சி. முதல் மாதம் ஒரு காகிதம்கூட அடியில் நுழையாது. பிறகு விரல் நுழைந்தது. மனதுக்குள் குணாவைத் திட்டிக்கொண்டே தூக்குவேன், எண்ணிக்கை கூடும். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித் தந்தவர் என்னைப் பார்த்துப் பாராட்டினார். அவருக்கு உள்ளே நடந்தது தெரியாது.

ஏழாம் மாதம் ஒத்தைக் காலில் எம்பி நின்றேன். ஃபிட்னஸ் சான்றிதழ் தரும் மருத்துவர், என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்டார். இருமலுக்கு வாங்கிய சிரப், தலைவலித் தைலம், மலர் கொடுத்த கஷாயம் வரை சொன்னேன். போதும் சார், போதும் என்றார். மெஷினில் ஏற அனுமதி கிடைத்தது.

அதே வாரம், கடை உரிமத்தை நிறுத்திய உத்தரவின் நகல் தபாலில் வந்தது. இரண்டு பேருடைய வாக்குமூலமும் அதில் சுருக்கமாக இருந்தது. முதலில் என்னுடையது. கீழே கடைக்காரருடையது: 'வேறு மருந்து எடுக்கிறாரா என நான் கேட்கவில்லை. தவறு என்னுடையது.'

மூன்று முறை படித்தேன். எனக்கு வந்தது வெட்கம் இல்லை, ஆத்திரம். கேட்டவன், கேட்கவில்லை என்று எதற்கு எழுதிக் கொடுக்கிறான்? என்னைப் பொய்யன் என்று சொல்லியிருக்கலாமே! சண்டைக்கு வந்திருக்கலாமே! என் பழியை என் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டுவிட்டான்.

அன்றே பஸ் ஏறிப் போனேன். முந்திரிக்கொட்டை உடைக்கும் ஒரு கொட்டகையில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தான். நகலை நீட்டினேன்.

"நீ கேட்டியா இல்லியாடா?"

"கேட்டன் மாமா."

"அப்புறம் எதுக்குடா இப்படி?"

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். "அக்கா ஒங்களத் தாங்கிகினு அந்தப் படியில எறங்கனத பாத்தன். நான் கேக்கலன்னு நீங்க சொன்னத அந்த அதிகாரி எனக்குப் படிச்சுக் காட்டனாரு. நான் கேட்டன்னு சொன்னா, அவளத் திரும்ப மேல ஏத்தி, யாரு பொய்யின்னு கேட்டிருப்பாங்க."

"நல்லவன் வேஷமா?"

"இல்ல மாமா." தராசிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தான். "நான் கேட்டது நெசம். ஆனா நீங்க இல்லன்னு சொல்றதுக்கு முன்னாடியே மாத்தரைய வெட்டிட்டன். எல்லார்கிட்டயும் அப்டிதான். கேப்பன், வெட்டுவன். பதில ஒருநாளும் காதுல வாங்கனதில்ல. அப்போ அது கேட்டதா சொல்லுங்க?"

நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவனை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். நாலாம் நாள் போனில் அவன் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் எவன் ஆன்டிபயாடிக் வெட்டிக் கொடுத்தாலும் அந்தக் கடை மூடப்படவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவன் கடையும் அதில் சேர்த்தி.

இப்போது மெஷினில் ஏறுகிறேன். தைத்த நாண் பழைய நாண் ஆகாது. இடது கால் எம்பும்போது ஒரு கணம் தாமதிக்கிறது. முன்பு ஒரே மூச்சில் ஏறிய ஏணியில் இப்போது ஒவ்வொரு படிக்கும் கால் சரியென்று சொல்லும்வரை காத்திருக்கிறேன். எனக்குப் பின்னால் வருபவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

இதைப் படிப்பவர்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தைப் பயந்து நிறுத்தவேண்டாம். எழுதாததை வாங்கவேண்டாம், டின்னில் மிஞ்சியதைப் போடவேண்டாம். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் இலவசமாக வந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருந்தைத் தொடங்கிய பின் புதிதாக ஏதாவது வலித்தால் கடைக்குப் போன் போடாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

குணாவைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் ஆய்வாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'என் வாக்குமூலத்தில் ஒரு திருத்தம். வேறு மாத்திரை எடுக்கிறேனா என்று கடைக்காரர் என்னைக் கேட்டார்.' கையெழுத்துப் போட்டு மலரிடம் கொடுத்தேன். அவள் நின்றபடியே படித்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"கேட்டான்னு எழுதிட்டீங்க. நீங்க இன்னா சொன்னீங்கன்னு எழுதலியே."

கடிதத்தை என் முன்னால் வைத்துவிட்டுப் பேனாவையும் பக்கத்தில் வைத்தாள். அப்போதும் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று இந்த முறை தேடவேண்டியிருக்கவில்லை. 'நான் இல்லை என்றேன்' என்று கீழே சேர்த்து எழுதினேன்.

தபால் நிலையம் எங்கள் வீட்டிலிருந்து முன்பெல்லாம் எட்டு நிமிட நடை. அன்றைக்கு இருபது நிமிடம் ஆயிற்று. மலர் கூட வந்தாள். என் கையைப் பிடிக்கவில்லை, நான் எவ்வளவு மெதுவாக நடந்தேனோ அவ்வளவு மெதுவாக நடந்தாள்.